சாய் பல்லவி: ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை எங்கிருந்து வந்தது?

2015 மே 29 அன்று கேரளத் திரையரங்குகளில் ‘பிரேமம்’ வெளியானது. அல்போன்ஸ் புத்திரன் இயக்கம், நிவின் பாலி நாயகன், மூன்று கதாநாயகிகள். மூவருமே நாயகியாக அறிமுகமானவர்கள். அவர்களில் ஒருவரான சாய் பல்லவி கல்லூரி விரிவுரையாளராக, எளிய புடவையில், கன்னத்துப் பருக்கள் அப்படியே தெரிய, தமிழ் பேசிக்கொண்டு வந்தார். கதையில் அவர் பெயர் மலர். அடுத்த சில மாதங்களில் தென்னிந்தியா முழுக்க ‘மலர் டீச்சர்’ என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை என்ற நிலை வந்துவிட்டது. சென்னையில் மட்டுமே அந்த மலையாளப் படம் 200 நாட்களைத் தாண்டி ஓடியது.

ஒரு புதுமுக நடிகை ஒரே படத்தில் புகழ் பெறுவது அபூர்வமல்ல. அடுத்த படத்தில் அந்தப் புகழைத் தொழில் தன் அச்சுக்குள் அடக்கிவிடுவதுதான் வழக்கம். முகத்துக்குப் பூச்சு, உடைக்கு வேறொருவர் முடிவு, குரலுக்கு டப்பிங் கலைஞர், பாடலுக்கு வெளிநாட்டு லொகேஷன் என்று ஒவ்வொன்றாக வரும். மூன்று, நான்கு படங்களில் முதல் படத்தில் பார்த்த அந்தப் பெண்ணைத் தேட வேண்டியிருக்கும். சாய் பல்லவிக்கு அது நடக்கவில்லை. தோற்றம், உடை, குரல், விளம்பரம் என்று பல விஷயங்களில் அவர் தன் நிபந்தனைகளைத் தொடக்கத்திலேயே வைத்தார், தொழிலும் அவற்றை ஏற்றுக்கொண்டது. சினிமாக் குடும்பப் பின்னணி இல்லாத ஒரு இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு அது எப்படி முடிந்தது? அந்த நிபந்தனைகள் அவருக்கு எதைக் காப்பாற்றிக் கொடுத்தன, எதைக் கொடுக்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளோடுதான் அவருடைய பாதையைப் பார்க்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து டிபிலிசி

1992 மே 9 அன்று நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் பிறந்தவர். படுகர் சமூகம், வீட்டில் படுக மொழி. வளர்ந்ததும் பள்ளிப் படிப்பும் கோயம்புத்தூரில். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில், அவர்களுடைய மரபான வெள்ளை உடையில் அவர் இன்றும் கலந்துகொள்கிறார். பெரிய நட்சத்திரமான பிறகும் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து ஆடும் அந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது, அவர் அங்கே தனித்துத் தெரியவில்லை என்பதுதான்.

நடனத்தை முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பார்த்துப் பார்த்து ஆடியதுதான். ‘கஸ்தூரி மான்’ (2005), ‘தாம் தூம்’ (2008) ஆகிய படங்களில் பெயர்கூட வராத சின்ன வேடங்களில் தலைகாட்டினார். 2008இல் விஜய் டிவியின் ‘உங்களில் யார் அடுத்த பிரபுதேவா’ நிகழ்ச்சியில் போட்டியாளராக ஆடினார். அடுத்து தெலுங்கில் ஈடிவியின் ‘டீ’ நடனப் போட்டி. இரண்டிலும் தமிழ், தெலுங்கு வீடுகளின் வரவேற்பறை வரை வந்துவிட்ட முகம்தான். ஆனாலும் எந்த இயக்குநரும் அவரைக் கதாநாயகியாக யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் அவர் செய்த காரியம் இந்த ஆய்வுக்கு மிக முக்கியமானது. மருத்துவம் படிக்க ஜார்ஜியா நாட்டின் தலைநகர் டிபிலிசிக்குப் போனார். டிபிலிசி அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அல்போன்ஸ் புத்திரனின் அழைப்பு வந்தது. படிப்பின் விடுமுறையில் வந்து ‘பிரேமம்’ படத்தில் நடித்துவிட்டுத் திரும்பிப் போனார். படம் வெளியாகிக் கேரளமே மலரைக் கொண்டாடிய பிறகும் படிப்பை விடவில்லை. மீண்டும் விடுப்பு எடுத்து வந்து துல்கர் சல்மானோடு ‘கலி’யில் நடித்தார். 2016இல் பட்டம் பெற்றார். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இந்தியாவில் பணியாற்ற எழுத வேண்டிய தகுதித் தேர்வை 2020இல் திருச்சியில் எழுதினார். முகக்கவசத்தோடு தேர்வு மையத்தில் மற்றவர்களுடன் அவர் எடுத்துக்கொண்ட படங்கள் அப்போது பரவின. அதற்குள் தெலுங்கின் முதல் வரிசை நடிகைகளில் ஒருவராகியிருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டத்தைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘அழகும் அறிவும்’ என்ற ரீதியில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அதன் பொருள் வேறு. ஒரு புதுமுக நடிகை தயாரிப்பாளர் முன் உட்கார்ந்து பேசும்போது அவரிடம் இருக்கும் ஒரே பலம், அந்த வாய்ப்பை விட்டுவிட்டு எழுந்து போக முடியும் என்பதுதான். பெரும்பாலான பெண்களுக்கு அது இருக்காது. ஊரை விட்டு வந்திருப்பார்கள், படிப்பைப் பாதியில் விட்டிருப்பார்கள், குடும்பத்தின் செலவு அவர்கள் தலையில் இருக்கும். அந்தச் சூழலில் ‘இந்த உடை வேண்டாம்’ என்று சொன்னால் அடுத்த நாள் வேறொரு பெண் அந்த இடத்தில் இருப்பார். சாய் பல்லவிக்கு அந்தப் பயம் குறைவாக இருந்திருக்கும். சினிமா போனால் மருத்துவம் இருந்தது.

மலரின் பரு

ஆனால் போக வேறு இடம் இருந்தால் மட்டும் போதாது. உள்ளேயும் ஒரு மதிப்பு வேண்டும். அதைத் தந்தது மலர்.

பருக்களைப் பற்றித் தனக்கே அப்போது பெரிய தயக்கம் இருந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். படம் வெளியாகி, திரையரங்கில் மக்கள் கைதட்டியதைப் பார்த்த பிறகுதான் அந்தத் தயக்கம் போனதாம். அல்போன்ஸ் புத்திரன் அந்த முகத்தை மறைக்காமல் விட்டதை ஒரு துணிச்சல் என்று சொல்லலாம், ஆனால் அது கதைக்குத் தேவையும்கூட. மாணவன் ஒருவன் ஆசிரியரைக் காதலிக்கும் கதை அது. அந்த ஆசிரியர் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர்போல இருந்தால்தான் அந்த அபத்தமும் தவிப்பும் நமக்கு நியாயமாகப் படும். அடக்கமாகப் புடவையில் வந்துபோகும் அந்த டீச்சர், மாணவர்களுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கும்போது சட்டென்று ஆடிக் காட்டும் காட்சியில் திரையரங்குகள் அதிர்ந்தன. அதுவரை பார்த்த பெண்ணுக்குள் இன்னொருத்தி இருக்கிறாள் என்று காட்டிய இடம் அது.

பிற்பாடு அவர் வைத்த எல்லா நிபந்தனைகளுக்கும் இந்தப் படம் முன்னுதாரணமாக நின்றது. மேக்கப் வேண்டாம் என்று ஒரு புதுமுகம் சொன்னால் தயாரிப்பாளர் ‘மக்கள் ஏற்க மாட்டார்கள்’ என்பார். சாய் பல்லவியிடம் அந்த வாதம் எடுபடாது. மக்கள் ஏற்றுக்கொண்டதே அந்த முகத்தைத்தான். அறிமுக நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதும் அந்த முகத்துக்குத்தான் கிடைத்தது.

உடை விஷயத்தில் வேறொரு நிகழ்வு காரணம் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஜார்ஜியாவில் படிக்கும்போது டாங்கோ நடனம் ஆடிய வீடியோ ஒன்று, ‘பிரேமம்’ வெளியான பிறகு இணையத்தில் பரவியது. அந்த நடனத்துக்குரிய உடையில் அவர் இருந்தார். வந்த பின்னூட்டங்கள் அவரை மிகவும் சங்கடப்படுத்தின. அதன் பிறகே திரையில் எப்படித் தோன்றுவது என்பதில் ஒரு கோடு போட்டுக்கொண்டாராம். இதை ‘குடும்பப் பாங்கு’ என்று புகழ்ந்து, மற்ற நடிகைகளைத் தட்டிவிட ஒரு கோலாக இதைப் பயன்படுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். அது அவர்களுக்கும் அநியாயம், இவருக்கும் அநியாயம். ஒரு பெண் ஒரு நடனத்தை ஆசையாக ஆடியதற்கு நம் ஆட்கள் எழுதிய வார்த்தைகள்தான் அந்தக் கோட்டைப் போட வைத்தன. அதில் பெருமைப்பட நமக்கு ஒன்றும் இல்லை.

பான்ஸ்வாடாவின் பானுமதி

மூன்றாவது படம்தான் அவரை நட்சத்திரமாக்கியது. சேகர் கம்முலா இயக்கிய ‘ஃபிதா’ 2017 ஜூலையில் வந்தது. தெலங்கானாவின் பான்ஸ்வாடாவைச் சேர்ந்த பானுமதி என்ற பெண். டிராக்டர் ஓட்டுவாள், வாயாடுவாள், அப்பாவை விட்டு எங்கும் போக மாட்டேன் என்பாள். சாய் பல்லவிக்குத் தாய்மொழி தெலுங்கு இல்லை. போதாததற்கு அந்தக் கதாபாத்திரம் பேச வேண்டியது தெலங்கானா வட்டார வழக்கு. தெலுங்கு சினிமா பல காலமாக அந்த வழக்கை நகைச்சுவை நடிகருக்கும் வில்லனுக்கும்தான் அதிகம் கொடுத்து வந்தது. தெலங்கானா தனி மாநிலமாகி மூன்று ஆண்டுகளில், ஒரு கதாநாயகி படம் முழுக்க அந்தப் பேச்சைப் பெருமையாகப் பேசுகிறாள், அதுவும் சொந்தக் குரலில். நீலகிரிப் பெண்ணை அந்த மாநிலத்து மக்கள் ‘எங்க வீட்டுப் பெண்’ என்று எடுத்துக்கொண்டதன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டின் சிறந்த தெலுங்கு நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது பானுமதிக்குப் போனது.

சொந்தக் குரல் என்பது சாதாரண விஷயமில்லை. தென்னிந்தியக் கதாநாயகிகளில் பலர் திரையில் பாதி ஆள்தான். உதடு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. டப்பிங் கலைஞர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர்கள் பெயர் போஸ்டரில் வராதது இன்னொரு வருத்தம். ஆனால் குரல் தன்னுடையது என்றால், நடிப்பில் யாரும் பிறகு கைவைக்க முடியாது. மூச்சு வாங்குவது, வார்த்தையை விழுங்குவது, அழுகையில் தொண்டை அடைப்பது எல்லாம் அந்த நடிகையின் முடிவாகவே இருக்கும். ‘லவ் ஸ்டோரி’ (2021), ‘விராட பர்வம்’ (2022) ஆகிய படங்களிலும் தெலங்கானாப் பெண்ணாகவே வந்தார்.

நடனமும் இதே வேலையைத்தான் செய்தது. வணிக சினிமா ஒரு நாயகியிடம் முதலில் கேட்பது பாடலில் அவர் என்ன செய்வார் என்பதைத்தான். அதற்கு வழக்கமான பதிலாக உடலைக் காட்டச் சொல்வார்கள். சாய் பல்லவி அந்த இடத்தில் ஆடிக் காட்டினார். ‘மாரி 2’ (2018) படத்தின் ‘ரவுடி பேபி’ பாடலில் ஆட்டோ ஓட்டும் ‘அராத்து’ ஆனந்தியாக, தனுஷுக்கு ஒரு அடிகூடக் குறையாமல் ஆடினார். யுவன் சங்கர் ராஜா இசை, நடன அமைப்பு பிரபுதேவா. அவர் பெயரில் நடந்த போட்டியில் பங்கேற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து அவருடைய அசைவுகளையே ஆடினார். அந்தப் பாடல் யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைத் தாண்டிய முதல் தென்னிந்தியப் பாடலானது. உடலைக் காட்டாமல் பாடல் ஓடாது என்று இனி எந்தத் தயாரிப்பாளர் சொன்னாலும் இந்த எண்ணைத் தாண்டித்தான் சொல்ல வேண்டும்.

2019இல் ஒரு சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தை மறுத்தார். இரண்டு கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. இது நம் நாட்டு நிறம், இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்ற பொருளில் ஒரு பேட்டியில் காரணம் சொன்னார். தன் தங்கைக்குச் சிறுவயதில் நிறம் பற்றி இருந்த தாழ்வு மனப்பான்மையையும் அதோடு சேர்த்துப் பேசினார். முகத்தில் பருவோடு வந்து வென்ற ஒருவர் அந்தக் க்ரீமை விற்றிருந்தால், மலரைப் பார்த்துக் கண்ணாடி முன் தைரியம் பெற்ற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்!

தமிழ் ஏன் கடைசியில் வந்தது?

இந்தக் கதையில் என்னை உறுத்தும் பகுதி இதுதான். கோயம்புத்தூரில் வளர்ந்த, தமிழ்த் தொலைக்காட்சியில் ஆடிய, சரளமாகத் தமிழ் பேசுகிற ஒரு பெண்ணைத் தமிழ் பேசும் விரிவுரையாளராக நடிக்க வைத்துக் கண்டுபிடித்தது மலையாள சினிமா. நட்சத்திரமாக்கியது தெலுங்கு சினிமா. தமிழில் அவர் கதாநாயகியாக வரப் ‘பிரேமம்’ வந்து மூன்று ஆண்டுகள் ஆகின. மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’யில் முதலில் இவர் பெயர் பேசப்பட்டது, கடைசியில் அதிதி ராவ் ஹைதரி நடித்தார்.

முதல் தமிழ்ப் படமான ‘தியா’ (2018) ஏ.எல். விஜய் இயக்கியது. கருக்கலைப்பை வைத்து ஒரு பேய்க்கதை. குழந்தையை இழந்த தாயாக அவர் உண்மையாக நடித்தார், படத்தின் பார்வையோ கருக்கலைப்பையே குற்றமாக்கிப் பயமுறுத்தியது. 2019இல் செல்வராகவனின் ‘என்.ஜி.கே.’யில் சந்தேகப்படும் மனைவி. அந்தக் கதாபாத்திரம் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ‘மாரி 2’ ஆனந்தியைப் பாடல் காப்பாற்றியது. முதல் பாதியில் துள்ளலாக வருபவள் இரண்டாம் பாதியில் கதாநாயகன் திருந்துவதற்கும் பழிவாங்குவதற்கும் ஒரு காரணமாகிவிடுகிறாள்.

அவருடைய நிபந்தனைகளின் எல்லை இங்கேதான் தெரிகிறது. மேக்கப், உடை, குரல் ஆகியவை அவர் கையில் இருந்தன. திரைக்கதை அவர் கையில் இல்லை. கதாநாயகனைச் சுற்றி எழுதப்பட்ட படத்தில் நாயகி எவ்வளவு நேர்மையாக நடித்தாலும், எழுத்தில் இல்லாத பெண்ணைத் திரையில் கொண்டுவர முடியாது.

இதற்கு நேர்மாறான உதாரணம் 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பாவக் கதைகள்’. அதில் வெற்றிமாறன் இயக்கிய ‘ஓர் இரவு’ ஒரு குறும்படத்தின் நீளம்தான். சாதி மாறித் திருமணம் செய்துகொண்டு நகரத்தில் வாழும் கர்ப்பிணி மகளை, அப்பா வளைகாப்புக்கு ஊருக்கு அழைக்கிறார். பிரகாஷ் ராஜ் அப்பா. மகள் நம்பி வருகிறாள், தன் வீட்டில் தூங்குகிறாள், அன்றிரவு விஷம் உடலில் ஏற ஏற அப்பாவிடமே கெஞ்சுகிறாள். அந்தக் கடைசி நிமிடங்களில் சாய் பல்லவியின் உடல் துடிக்கும் விதத்தை இரண்டாவது முறை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆணவக் கொலை என்று செய்தித்தாளில் நாம் கடந்துபோகும் இரண்டு சொற்களுக்குள் எவ்வளவு நேரமும் எவ்வளவு வலியும் இருக்கின்றன என்பதைத் தமிழ்த் திரை இவ்வளவு நெருக்கமாகக் காட்டியது குறைவு.

கார்கி

கௌதம் ராமச்சந்திரன் இயக்கிய ‘கார்கி’ 2022 ஜூலை 15 அன்று வெளியானது. இந்த ஆய்வுக்கு மையமான படம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிரபல கதாநாயகன் கிடையாது, டூயட் கிடையாது, அவருடைய மிகப் பெரிய பலமான நடனமும் கிடையாது. கார்கி ஒரு பள்ளி ஆசிரியை. அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக வேலை பார்க்கும் அவள் அப்பா, ஒரு சிறுமி மீதான கூட்டுப் பாலியல் வன்முறை வழக்கில் கைதாகிறார். அப்பா நிரபராதி என்று நம்பி, அனுபவமில்லாத ஒரு வழக்கறிஞரோடு சேர்ந்து மகள் போராடுகிறாள். வழக்கறிஞராகக் காளி வெங்கட், அப்பாவாக மறைந்த ஆர்.எஸ். சிவாஜி. இருவருமே மிக நன்றாக நடித்திருந்தார்கள்.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அப்பா குற்றவாளிதான் என்று கடைசியில் கார்கிக்குத் தெரியவருகிறது. அதுவரை அவளோடு சேர்ந்து அந்த மனிதருக்காகப் பதறிய நாமும் அவளோடு சேர்ந்தே உடைகிறோம். சாய் பல்லவி அந்த இடத்தில் கத்தவில்லை. படம் முழுக்கவே அழுகையை அடக்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கும் பெண் அவள். வீட்டு வாசலில் கூடும் கேமராக்களைக் கடப்பது, வேலை போவது, தங்கையைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாமே செய்து முடிக்க வேண்டிய காரியங்கள். நடுத்தர வர்க்கத்து மூத்த மகள்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த முகம் தெரியும்.

சிறந்த தமிழ் நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது இதற்குக் கிடைத்தது. அந்த ஆண்டுக்கான தேசிய விருதை நித்யா மேனனும் மானசி பரேக்கும் பகிர்ந்துகொண்டார்கள். நித்யா மேனனின் நடிப்பு எனக்கும் பிடிக்கும், இருந்தாலும் கார்கிக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றே இன்னமும் நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஜூனில் ‘விராட பர்வம்’ விளம்பரப் பேட்டி ஒன்றில், மதத்தின் பெயரால் நடக்கும் வன்முறை யார் செய்தாலும் தவறுதான் என்ற பொருளில் பேசினார். காஷ்மீர் பண்டிட்டுகள் கொல்லப்பட்டதையும் பசுவின் பெயரால் நடந்த தாக்குதலையும் ஒரே மூச்சில் சொன்னதற்காகக் கடும் எதிர்ப்பு வந்தது. ஹைதராபாத்தில் காவல்துறைக்குப் புகார் போனது. தான் சொன்னது திரிக்கப்பட்டது என்று ஒரு வீடியோவில் நிதானமாக விளக்கினார். எல்லா உயிரும் சமம் என்பதுதான் அந்த விளக்கத்தின் சாரம், அதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று அவருடைய மருத்துவப் படிப்பு.

2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்தது. 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை, இயக்கம் ராஜ்குமார் பெரியசாமி. முகுந்தாகச் சிவகார்த்திகேயன், மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸாகச் சாய் பல்லவி. ராணுவப் படத்தில் மனைவி வழக்கமாகத் தொலைபேசியின் மறுமுனையில் அழுவதற்காக இருப்பாள். இங்கே கதையே இந்துவின் நினைவாக விரிகிறது. மலையாளம் கலந்த அவர் தமிழும், காதலில் இருக்கும் பிடிவாதமும், காத்திருந்து பழகிய முகமும் இல்லாமல் அந்தப் படம் ஒரு சண்டைப் படமாக முடிந்திருக்கும். ‘மாரி 2’, ‘என்.ஜி.கே.’ காலத்தில் கிடைக்காதது இதில் கிடைத்தது. பெரிய வணிகப் படத்திலும், நாயகனின் கதையிலும்கூட, எழுத்தில் ஒரு முழுப் பெண்.

எண்ணிப் பார்த்தால், ‘ஓர் இரவு’ தவிர, 2024 வரை தமிழில் அவர் நாயகியாக நடித்த முழுநீளப் படங்கள் ஐந்துதான். தெலுங்கில் 2025இல் வந்த ‘தண்டேல்’ வரை ஏழு. பத்து ஆண்டுகளுக்கு இது மிகக் குறைவு. அதே காலத்தில் முதல் வரிசையில் இருந்த மற்றவர்கள் இதைவிட அதிகமாக நடித்திருக்கிறார்கள். மறுப்பதற்கு அவர் கொடுத்த விலை இது. தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டுக்கான கலைமாமணி விருதை 2025இல் அவருக்கு அறிவித்தது.

இப்போது நிதேஷ் திவாரியின் ‘ராமாயணம்’ படத்தில் ரன்பீர் கபூருக்கு ஜோடியாகச் சீதையாக நடிக்கிறார். முதல் பாகம் 2026 தீபாவளிக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். மொழி புதிது, பட்ஜெட் இதுவரை அவர் பார்த்திராத அளவு, கதாபாத்திரமோ கோடிக்கணக்கானவர்கள் மனதில் ஏற்கெனவே வரைந்து வைத்திருப்பது. இந்தி சினிமாவுக்கு மலரையும் பானுமதியையும் பெரிதாகத் தெரியாது, அதனால் இங்கே சேர்த்த மதிப்பு அங்கே தானாகக் கூட வராது. பெரும் பொருட்செலவில் எடுக்கும் புராணப் படத்தில் நகைக்கும் ஒளிக்கும் கிராஃபிக்ஸுக்கும் நடுவே ஒரு முகத்துக்கு எவ்வளவு இடம் விடுவார்கள் என்பதுதான் அவருடைய அடுத்த பேரம். சீதையின் குரல் அவருடையதாக இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.